மூன்றாம் எண் கட்டில்

செவ்வாய், வியாழன், சனி.
கிருஷ்ணகிரி அரசு மருத்துவமனை, மாடி, ஏசி அறை.
எடை பார்த்து ஏறிப் படுத்தால்
நான்கு மணி நேரம் கையை அசைக்கக் கூடாது.
வாய்க்குத் தடையில்லை.
அதனால்தான் இவ்வளவு பேச்சு.

ஊசி ஏறும்போது கண்ணை மூடி
"உம் ரத்தத்தால் என்னைக் கழுவும்" என்று
முணுமுணுத்துவிட்டேன் ஒருநாள்.
ஐந்தாம் கட்டிலிலிருந்து சாக்ரடீஸ்,
அரசுப் பேருந்து நடத்துநர், பெயர் அவர் அப்பாவின் கட்சி வைத்தது,
"டீச்சர், இங்க ரத்தத்தையே இல்ல
கழுவிக்கிட்டு இருக்காங்க?" என்றார்.
நர்ஸ் சிரித்தாள். நானும்.
அன்று பிடித்த பேச்சு.

பியாரேஜான் பாய்
மாங்கூழ் ஆலைகளுக்கு லோடு அடித்தவர்.
"அவங்கவங்க கணக்கு அவங்கவங்க தலையிலேம்மா.
என் கடனை இன்னொருத்தர் அடைச்சுட்டா
நாளைக்கு எந்த மூஞ்சியோட போய் நிப்பேன்?"

நாலாம் கட்டில் மாதையன், பர்கூர்ப் பக்கம்.
திரௌபதை அம்மன் கூத்தில்
இருபது வருஷம் அரவான்.
"களபலிக்குக் கழுத்தை நீட்டினவன் நான்.
ஜெயிச்சவங்க அஞ்சு பேரு, ராஜ்ஜியம் ஆண்டாங்க.
அரவானை யாரு மீட்டது? சொல்லுங்க."

எனக்குச் சொல்லத் தெரியவில்லை.
எலத்தகிரியில் பிள்ளைகளுக்கு
மறைக்கல்வி எடுத்தவள் நான்.
அந்தப் புத்தகத்தில்
கேள்விக்குக் கீழேயே பதில் இருந்தது.

பட்டியலில் என் பெயர் ஏறியது என்று
நான் வாய் நிறையச் சொன்ன சனிக்கிழமை
சாக்ரடீஸ் சிரிக்காமல் கேட்டார்:
"நமக்குக் கிட்னி வரணும்னா
பைபாஸ்ல ஒருத்தன் விழணும் டீச்சர்.
அதுக்கா ஜெபம் பண்றீங்க?"

பாயின் மெஷின் ஒருமுறை கத்தி அடங்கியது.

"விழணும்னு கேக்கல. கிடைக்கணும்னு கேட்டேன்."
"ரெண்டும் ஒண்ணுதானே?"
ஒன்றுதான்.

பாய் கூரையைப் பார்த்தபடி,
"நானும் துவா கேட்டேன்" என்றார்.
"கேட்டுட்டு, மன்னிச்சிருன்னும் கேட்டேன்."

ரொம்ப நேரம் கழித்து மாதையன்:
"உங்க சாமி, யாரும் தள்ளாம
தானா வந்து விழுந்தவரா?"
ஆமாம் என்றேன்.
"அப்ப அவருக்காக அழலாம். தப்பில்ல."
என்னை யாரும் இதைவிடப் பக்கத்தில்
சிலுவைக்கு அழைத்துப் போனதில்லை.
அவர் ஞானஸ்நானம் வாங்கவில்லை.
அடுத்த வாரமும் நெற்றி நிறையத் திருநீறு.

ஆடி பிறந்த வாரம் அவர் வரவில்லை.
நர்ஸ் விரிப்பை மாற்றினாள்.
கட்டில் காலியாக இருந்தது ஒரே ஒரு வேளை.
வியாழன் காலை அதில்
பாலிடெக்னிக் படிக்கிற ஒரு பையன்,
வேப்பனப்பள்ளி.
"ஆறு மாசமா காத்திருந்தோம், கடவுள் கண்ணைத் திறந்தார்"
என்று அவன் அம்மா எல்லோரையும் கும்பிட்டாள்.
நாங்கள் யாரும் அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

அன்றுதான் எனக்குத் தோன்றியது.
நர்ஸைக் கூப்பிட்டேன்.
"எனக்கு முன்னாடி இந்தக் கட்டில்ல யாரு?"
பழைய ரிஜிஸ்டரைத் தேடி எடுத்து வந்தாள்.
பச்சையம்மாள். காவேரிப்பட்டணம். நாற்பத்தொன்று.
அதற்கப்புறம் ஒரு சிவப்புக் கோடு.
இரண்டு வருஷமாக இந்தக் கட்டிலில் படுத்து
மீட்பைப் பற்றி வாதாடிக்கொண்டிருக்கிறேன்.

பெயரைச் சத்தமாகச் சொன்னேன்.
பாய் உதட்டுக்குள் ஏதோ ஓதினார்.
சாக்ரடீஸ், "எந்த ஸ்டாப்பிங்?" என்றார்,
கேட்டுவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

ஜன்னலுக்கு வெளியே தள்ளுவண்டியில்
சீசனின் கடைசி நீலம் பழங்கள்.
அறை முழுக்க வாசனை.
பையன் எழுந்து உட்காரப் பார்த்தான்.
"மாம்பழம் சாப்பிடலாமா, சார்?"

"கூடாது தம்பி, பொட்டாசியம்" என்றார் சாக்ரடீஸ்.
பிறகு என் பக்கம் தலையைத் திருப்பி,
"ஒரு பழத்துலதானே டீச்சர்
உங்க கதையும் ஆரம்பிக்குது?"